படுகளத்து மண்

துலுக்காணம் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுபவர். அவருடைய வாத்தியார் எத்திராசு கட்டியங்காரன் வேஷம் கட்டுபவர். கட்டியங்காரன் என்றால் கோமாளி. ராஜா திரைக்குப் பின்னால் வந்து நிற்கும்போது, "யாரையா அது?" என்று கேட்டு அவரைச் சபைக்கு அழைத்து வருகிறவன் அவன்தான்.

இவர்களில் மாணவர் மூத்தவர், வாத்தியார் இளையவர். செங்கல் சூளையில் மண் குழைத்துக்கொண்டிருந்த துலுக்காணம், மீசை நரைக்கத் தொடங்கிய பிறகு கூத்துக்கு வந்தார். எத்திராசு பால்பல் விழுவதற்கு முன்பே முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டவர். "வயசுல நான் தம்பி, பாட்டுல நான் தாத்தா" என்று எத்திராசு சொல்வார். அவர் இவரை அண்ணா என்பார். இவர் அவரை வாத்தியாரே என்பார். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

அந்த ஆண்டு வெள்ளேரிப்பட்டுத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கூத்து ஆட இவர்களை அழைத்திருந்தார்கள். துலுக்காணத்தின் ஒரே மகள் பூங்காவனத்தைக் கட்டிக் கொடுத்த ஊர் அது.

திருவிழாவின் கடைசிக்கு முந்தின நாள், துலுக்காணம் மகள் வீட்டுக்குப் போனார். கூடத்தில் பழைய புடவையில் தூளி கட்டியிருந்தது. தூளிக்கு வெளியே ஒரு சின்னப் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. பல் முளைக்கத் தொடங்கியிருந்த பேத்தி. அவர் அந்தப் பாதத்தை ஒரு விரலால் தொட்டார். பாதம் உள்ளே போய்விட்டு மறுபடியும் வெளியே வந்தது.

சம்பந்தியம்மாள் அஞ்சலை மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"நாளைக்கு உங்கள வாய் நெறைய திட்டப்போறேன் சம்பந்தி. மருமவளப் பெத்தவரத் திட்டறதுக்குச் சாமியே ஒரு நாள் குடுத்திருக்கு."

துலுக்காணம் சிரித்தார். "திட்டு எனக்குப் புதுசா? எல்லா ஊர்லயும் துரியோதனன் திட்டு வாங்கறவன்தான்."

"எல்லா ஊரு மாதிரி இல்ல எங்க ஊரு. கண்டபடி திட்ட மாட்டோம். ஒரே திட்டு. 'உன் வம்சம் வேரோட போவ'ன்னு சொல்லி, ஆளுக்கு ஒரு பிடி மண்ணு உங்க மேல போடணும்."

"யாரு போடணும்?"

"பொம்பளைங்க எல்லாரும். போடாத வீட்டுல அடுப்பு எரியாதும்பாங்க."

துலுக்காணம் மோரைக் குடிக்கவில்லை. தூளியைப் பார்த்தார்.

"பூங்காவனமுமா?"

"பின்ன? இந்த ஊருப் பொண்ணு ஆயிட்டாளே" என்றாள் அஞ்சலை. "மோர்ல உப்பு கம்மியா சம்பந்தி?"

ஊருக்கு வெளியே, ஏரிக்கரை ஓரத்துத் திடலில், மறுநாள் படுகளத்துக்காக மண்ணால் துரியோதனனைச் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு கூடை ஏரி மண் என்பது அந்த ஊர் வழக்கம். அந்த மண்ணையெல்லாம் குழைத்துக் குயவர்கள் ஒரு பெரிய உருவத்தை மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். தலை ஏரிக்கரைப் பக்கம். கால்கள் ஊர்ப் பக்கம். கண்களுக்கு முட்டை ஓடு பதித்திருந்தது. மீசைக்குக் கரி பூசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் இடுப்பளவு உயரமிருந்த வயிற்றின் மேல் ஈரக் கையால் தடவி மெழுகிக்கொண்டிருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவளைப்போல அவள் அவசரமில்லாமல் மெழுகினாள்.

பூவரச மரத்தடியில் எத்திராசு உட்கார்ந்து வேஷத்துக்கான சிவப்பைக் கல்லில் குழைத்துக்கொண்டிருந்தார். துலுக்காணம் போய் எதிரே குந்தினார்.

"வாத்தியாரே, ஒரு கேள்வி."

"கேளுங்கண்ணா."

"வேஷத்து மேல விழுற சாபம் எங்க போவுது?"

எத்திராசு கல்லில் இன்னும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார்.

"நாளைக்கு மத்தியானம் கேளுங்க."

"நாளைக்கு மத்தியானம் எல்லாம் முடிஞ்சி போயிருக்குமே."

"அதுக்குத்தான்."

"வெளையாடாதீங்க வாத்தியாரே. இந்த ஊர்ல பொம்பளைங்க வம்சத்தச் சொல்லித் திட்டறாங்க. என் வம்சம் இந்த ஊர்ல தூளியில தூங்குது. என் பொண்ணு வாயாலயே சொல்லணுமாம். பெத்த பொண்ணு வாயில வந்தா பலிக்காதா?"

துலுக்காணம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் நான் பீமன் கட்டிக்கறேன். சிகாமணி துரியோதனன் கட்டட்டும்."

"சிகாமணிக்கு வம்சம் இல்லையா?"

"இருக்குது. ஒண்ணுக்கு நாலு."

"அப்ப?"

"கல்யாணம் ஆவாதவன் யாராச்சும் கட்டட்டும்."

"ஆவாதவன் தேசிங்கு ஒருத்தன்தான். அவன் துரியோதனன் கட்டினா, பாஞ்சாலி யாரு கட்டறது? உங்களுக்குப் பொடவ சரியா நிக்குமா?"

பயந்தவனுக்கு நாக்கு முன்னால் ஓடும். துலுக்காணத்தின் நாக்கும் ஓடிற்று.

"உங்களுக்குத்தான் புள்ள இல்லயே வாத்தியாரே. நீங்க கட்டினா என்ன?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. வயிற்றை மெழுகிக்கொண்டிருந்த பெண்ணின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

எத்திராசு குழைத்த சிவப்பை விரலால் எடுத்து, வெயிலில் பிடித்து, நிறம் பார்த்தார்.

"எனக்கு மீச ஒட்டினா தும்மல் வரும்ண்ணா" என்றார். "துரியோதனன் தொடையில அடி வாங்கிச் சாவணும். தும்மிச் சாவக் கூடாது. போய்க் கொஞ்சம் கண்ண மூடுங்க. ராத்திரி பூரா பாட்டு இருக்குது."

இரவு பதினெட்டாம் போர்க் கூத்து நடந்தது. வெளுக்கும்போது, வேஷத்தைக் கலைக்காமலே எல்லாரும் திடலுக்கு வந்தார்கள். ஊரும் வந்தது. அன்று காலை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. துரியோதனன் விழ வேண்டும். மண்ணுருவத்தின் தொடைக்குள் புதைத்த சட்டியை உடைத்து, அதிலிருக்கும் செந்நீரைத் தொட்டுப் பாஞ்சாலி கூந்தலை முடிய வேண்டும். அதன் பிறகுதான் ஊரில் புகை எழும்பும்.

மண் துரியோதனன் திடலின் நடுவே மல்லாந்து கிடந்தான். வேஷத் துரியோதனன் அவனைச் சுற்றி ஓட வேண்டும். பீமன் துரத்த வேண்டும். ஆண்கள் மூன்று பக்கமும் நின்றார்கள். தலைமாட்டில், ஏரிக்கரைப் பக்கம், பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பிடி மண் இருந்தது.

மத்தளம் முழங்கியது. துலுக்காணம் ஓடினார். மார்பில் கண்ணாடிச் சில்லுப் பதித்த பதக்கம் வெயிலில் பளபளத்தது. தோளில் மரத்தால் செய்த அணிகள் குலுங்கின. பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், "இவன் துரியோதனன்யா!" என்றார். உண்மையில் நன்றாகத்தான் ஓடினார்.

ஆனால் தலைமாட்டுக்குப் போகவில்லை.

பெண்கள் பக்கம் நெருங்கும்போது சட்டென்று திரும்பி, வந்த வழியே ஓடினார். பின்னால் வந்த பீமன் சிகாமணி தடுமாறி நின்று, அவனும் திரும்பினான். ஊர் சிரித்தது. துரியோதனன் தந்திரம் செய்கிறான் என்று நினைத்தது. மறுபடியும் ஓடினார். மறுபடியும் திரும்பினார். சிரிப்புக் குறைந்தது.

"அண்ணா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிகாமணி கூப்பிட்டான். "ஒரு முழம் பக்கத்துல வாண்ணா. ராத்திரியெல்லாம் ஆடினதுல முட்டி நோவுது."

துலுக்காணம் காதில் வாங்கவில்லை. பெண்கள் வரிசையில் மகளைப் பார்த்துவிட்டார். இடுப்பில் குழந்தை, வலக்கையில் மண். மற்றப் பெண்களைப் போலத்தான் அவளும் நின்றாள்.

வெயில் ஏறியது. தேசிங்கு விரித்த கூந்தலோடு நின்று நின்று கால் மாற்றினான். பெண்களின் கையில் இருந்த மண் காய்ந்து விரல் இடுக்கில் உதிரத் தொடங்கியது. எங்கோ ஒரு குழந்தை பசிக்கு அழுதது. அதைக் கேட்டு இன்னொன்று அழுதது. கோயில் தர்மகர்த்தா எத்திராசுவைப் பார்த்தார். எத்திராசு தன் கூம்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தோளில் கிடந்த துண்டை உதறினார். திடலுக்குள் நடந்தார்.

ஓடிக்கொண்டிருந்த துரியோதனனுக்கு எதிரே போய் நின்று, துண்டை இரு கையாலும் அகல விரித்துப் பிடித்தார். திரை.

துலுக்காணம் நின்றார். எத்தனை ஆண்டுப் பழக்கம். முன்னால் திரை வந்தால் ராஜாவின் கால் நிற்கும்.

மத்தளக்காரர் கையை எடுத்தார். திடல் அமைதியாயிற்று.

"திரைக்குப் பின்னால நிக்கறது யாரையா?" என்று கேட்டார் கட்டியங்காரன்.

"நான்தான்" என்றார் துலுக்காணம். மூச்சு வாங்கியது. "அஸ்தினாபுரத்து ராஜா."

"சத்தம் பத்தல. அஸ்தினாபுரத்துக்கு ராஜாவா, அடுப்பங்கரைக்கு ராஜாவா?"

கூட்டம் சிரித்தது.

"துரியோதன மகாராஜன்!"

"ஆங். இது ராஜா தொண்ட. எங்க பொறப்பட்டீங்க மகாராஜா?"

"பீமனோட சண்டைக்கு."

"பீமன் பூவரச மரத்துல சாஞ்சிகினு எளநி கேக்கறான். நீங்க எதுக்கு வெந்தயம் விக்கறவன் மாதிரி மூணு தெருவு மட்டும் சுத்தறீங்க? நாலாவது தெருவுல நாய் இருக்குதா?"

கட்டியங்காரன் பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நாயக் காணோம். மாமியார் யாராச்சும் இருக்காங்களா?"

"மாமியார் இல்லடா, சம்பந்தி!" என்று ஒரு குரல் வந்தது. அஞ்சலை.

பெண்கள் கூட்டம் முழுவதும் சிரிப்பில் குலுங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பூங்காவனமும் சிரித்தாள்.

"சம்பந்தியம்மாவா! கும்புடறேன். இன்னிக்கு உங்க வூட்டுல என்ன சமையல்?"

"சமையலா? அடுப்பே மூட்டல. இந்தப் பாவி வுழுந்தாத்தானே!"

"புள்ளங்களுக்கு?"

"புள்ளங்களுக்கு வேற அடுப்பா இருக்குது?"

பூங்காவனத்தின் இடுப்பில் இருந்த குழந்தை அப்போது அழவில்லை. தாயின் கையிலிருந்து உதிர்ந்த மண்ணை எடுத்து வாயில் வைக்கப் பார்த்தது. அவள் அதன் கையைத் தட்டிவிட்டாள். பிறகுதான் அழுதது.

கட்டியங்காரன் திரைப் பக்கம் திரும்பினார். துண்டுக்கு மேலே இரண்டு கண்கள். ஒருவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்.

"அண்ணா, பாப்பாவுக்குக் கஞ்சி வெக்கணும்."

துண்டைக் கீழே விட்டார்.

துலுக்காணம் அழுகிற பேத்தியைப் பார்த்தார். பிறகு கதாயுதத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ராஜா நடக்கிற நடையில், தலைமாட்டுக்கு நடந்தார். ஓடவில்லை. மத்தளக்காரர் அதைப் பார்த்துக் கையை மாற்றி வாசித்தார்.

மண் விழுந்தது. முதலில் அஞ்சலை. பிறகு வரிசையாக எல்லாரும். கிரீடத்தில், பதக்கத்தில், வாயில். வம்சம் வேரோடு போக வேண்டும் என்று பல தொண்டைகள் ஒன்றாகச் சொல்லும்போது அதில் சொல் தெரிவதில்லை. மழைச் சத்தம் மாதிரி இருக்கிறது. அதற்குள்ளே ஒரு குரல் தனியாகக் கேட்டது. எல்லாக் குரலையும்விட உரக்க, சுதி சுத்தமாக.

"உன் வம்சம் வேரோட போவ!"

சூளையடியில் செங்கல்மேல் உட்கார்ந்து 'அப்பா' என்று சொல்லிப் பழகிய குரல். அவள் எறிந்த மண் அவர் மார்பில் பட்டு, மண் துரியோதனன்மேல் விழுந்தது.

பின்னால் சிகாமணி வந்து தொடையில் அடித்தான். துலுக்காணம் விழுந்தார். மண்ணுருவத்தின் தலைமாட்டில், அதன் காதோடு தன் காது ஒட்ட விழுந்தார். அவர்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள்.

துணிக்கு அடியில் கண்ணை மூடிக் கிடந்தார். சட்டி உடைகிற சத்தம் கேட்டது. குலவைச் சத்தம் கேட்டது. தேசிங்கு கூந்தல் முடிகிற பாட்டைப் பாடினான். பாட்டு முடிந்ததும் ஒரு பெரிய இரைச்சல், ஏரி மடை திறந்ததுபோல. கால்கள் ஓடி வந்தன. அதன் பிறகு அவர் அதுவரை இத்தனை பக்கத்தில் கேட்டிராத ஒரு சத்தம். ஈர மண்ணில் விரல்கள் இறங்குகிற சத்தம். பிட்டு பிட்டு எடுக்கிற சத்தம். அவர் காதை ஒட்டியிருந்த அந்த மண் காது, யாரோ ஒருத்தியின் கையோடு போனது.

துணியை விலக்கி, முகத்தில் மஞ்சள் நீர் தெளித்து அவரை எழுப்பினார்கள். அப்போது உயிர் வர வேண்டும் என்பது வழக்கம். வந்தது.

பூங்காவனம் எதிரே நின்றாள்.

"அப்பா, அடி கிடி பட்டுச்சா? இந்தச் சிகாமணி மாமா நெஜமாவே அடிச்சிட்டாரா?"

"இல்ல." துலுக்காணம் வாயிலிருந்த மண்ணைத் துப்பினார். "எல்லாரையும்விட நீதான் சத்தமாத் திட்டின."

"நீ நல்லா ஆடின. நான் நல்லாத் திட்டினேன்."

"பயமா இல்லையா உனக்கு?"

"என்னாத்துக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் குழந்தையை அவரிடம் கொடுக்கப் பார்த்தாள். அவர் முழுக்க மண்ணாக இருந்தார். பக்கத்தில் நின்ற எத்திராசு கை நீட்டினார். கோமாளி முகத்தைப் பார்த்துக் குழந்தை அழும் என்றுதான் துலுக்காணம் நினைத்தார். குழந்தை அழவில்லை. கூம்புத் தொப்பியின் நுனியைப் பிடித்துக்கொண்டது.

"வாத்தியாரே, கொஞ்சம் வெச்சுக்குங்க. வயித்து மண்ணு தீந்துடும்" என்று சொல்லிவிட்டுப் பூங்காவனம் ஓடினாள்.

பெண்கள் மண் துரியோதனனின் வயிற்றைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். அஞ்சலை ஏற்கெனவே முழங்கை வரை உள்ளே விட்டிருந்தாள். "நவுருடி, அது எங்க கூடை மண்ணு!" "ஆமா, உங்க கூடை மண்ணுல பேரு எழுதியிருக்குது!" ஒருத்தி முறத்தில் அள்ளினாள். ஒருத்தி அவன் மார்பிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தாலியில் ஒற்றிக்கொண்டாள். பூங்காவனம் இரண்டு கை நிறைய வாரி, முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி வந்தாள். வந்ததும் அதில் துளி எடுத்துக் குழந்தையின் நெற்றியில் பூசினாள்.

துலுக்காணம் பதறிப்போனார்.

"அந்த மண்ணையா?"

"பின்ன எந்த மண்ண? இத நெல்லுக் குதிருல போட்டாத்தான் நெல்லு கொறையாது. மாமி சொல்லியிருக்காங்க. கொஞ்சம் தூளிக் கயித்துல முடியணும். பாப்பா திடுக்குனு முழிச்சிக்காம தூங்கும்." அவள் முடிச்சை இறுக்கினாள். "நான் போய் அடுப்ப மூட்டறேன். பாப்பாவப் பாத்துக்கோ. வேஷத்தக் கலச்சிட்டு ரெண்டு பேரும் வந்துடுங்க. புளிக்கொழம்பு."

அவள் ஏரிக்கரை வழியாகப் போனாள். மடியில் மண்ணின் கனத்தால் கொஞ்சம் சாய்ந்து நடந்தாள்.

திடல் காலியாகிக்கொண்டிருந்தது. பூவரச நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். துலுக்காணம் கிரீடத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். அதிலிருந்து மண் கொட்டியது. தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்து முகத்தைத் துடைத்தார். சிவப்பு கரைந்து, அதற்கு அடியிலிருந்து சூளைக்காரரின் கறுத்த முகம் மெல்ல வந்தது.

"வாத்தியாரே, நேத்து நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன். புள்ள இல்லயேன்னு..."

"தொப்பியக் கடிக்குது பாருங்க" என்றார் எத்திராசு. "சாயம் பூசின தொப்பி. வாயிலேருந்து எடுங்க, எடுங்க."

துலுக்காணம் எண்ணெய்க் கையோடு தொப்பியை எடுத்தார். குழந்தை அதற்குப் பதிலாக வாத்தியாரின் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. புதிய பல் பட்டிருக்க வேண்டும். எத்திராசு முகத்தைச் சுளித்தார். விரலை எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர்ப் பக்கம் முதல் புகை எழும்பியது. பிறகு இன்னொன்று. ஓட்டுக் கூரைகளுக்கு மேலே அவை தனித்தனியாக ஏறி, தென்னந்தோப்புக்கு மேல் ஒன்றாயின. குழந்தை விரலைச் சப்பிக்கொண்டே கண் சொருகியது.

"வாத்தியாரே."

"ம்."

"மத்தியானம் ஆயிடுச்சு."

"ஆமாம். பசிக்குது."

"நேத்து ஒரு கேள்வி கேட்டேன்."

"கேட்டீங்க."

"அந்தச் சாபம் எங்க போச்சு?"

எத்திராசு அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். தோளணியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுண்டிவிட்டார்.

"உங்ககிட்ட இருக்குதா?"

துலுக்காணம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "தெரியலயே."

"அவன்கிட்ட?"

துலுக்காணம் திடலைப் பார்த்தார். மண் துரியோதனன் அங்கே இல்லை. ஆள் படுத்து எழுந்துபோன பாயைப்போல ஒரு ஈர அடையாளம் மட்டும் இருந்தது. மீசைக் கரி பட்ட ஒரு கட்டி மிச்சம் கிடந்தது. அதையும் ஒரு கிழவி குனிந்து எடுத்து, ஊதி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவனே இல்லயே வாத்தியாரே."

"திட்டிப் போட்ட மண்ணெல்லாம் எங்க வுழுந்துச்சு?"

"என் மேல. அப்புறம் அவன் மேல."

"யாராச்சும் அதத் தனியாப் பிரிச்சி எடுத்தாங்களா?"

"இல்ல. எல்லாம் ஒண்ணாத்தான் வாரினாங்க."

எத்திராசு, தூங்கிவிட்ட குழந்தையின் தலை மடங்காமல் கையைத் திருப்பி வைத்துக்கொண்டார். நீண்ட ஏரிக்கரையின் முடிவில், மடிக் கனத்தோடு பூங்காவனம் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தாள். முகவாயை அந்தப் பக்கம் நீட்டிக் காட்டினார்.

"அதோ, உங்க பொண்ணு தூக்கிக்கினு போவுது. குதிருல கொட்டும். தை மாசம் உங்களக் கூப்ட்டு எல போட்டுச் சோறு வெக்கும். தின்னு பாத்துட்டு, எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லுங்கண்ணா."